றோபோவும் இராசகாரியமும்

மனிதனைப் போன்றதொரு யந்திரத்தை ஆக்கிவிட வேண்டும் என்னும் ஆவல் இன்று ஆய்வுகூடங்களையும் பங்குச் சந்தைகளையும் ஒருங்கே ஆட்டிவைக்கின்றது. பேசும் யந்திரம் வந்துவிட்டது; இனி அதற்குக் கையும் காலும் பூட்டி வீட்டிற்கும் தொழிற்சாலைக்கும் அனுப்புவதே எஞ்சியுள்ளது என்று கொம்பனிகள் பறைசாற்றுகின்றன. பத்திரிகைகளோ ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன: யந்திரம் மனிதனாகுமா? இவ்வினாவுக்கு ஆமென்றும் அன்றென்றும் விடையிறுப்போர் பலர். வினாவையே ஐயுறுவோர் சிலர்தாம். யந்திரத்தை மனிதனைப்போல் ஆக்க விரும்புவோர் மனிதனுடைய எந்த இயல்பை அதிலே வேண்டுகின்றனர்? எந்த இயல்பை வேண்டாம் என்கின்றனர்? இதனை நூறாண்டுகளுக்கு முன்னரே மேடையில் எழுப்பிய நாடகம் ஒன்றுண்டு. ‘றோபோ’ என்னும் சொல்லை உலகிற்கு ஈந்ததும் அந்நாடகமே. சொல் உலகெங்கும் பரவிற்று. நாடகமோ பெயரளவில் அறியப்பட்டுப் படிக்கப்படாமற் போன நூல்களுள் ஒன்றாயிற்று.

செக் நாடகாசிரியரான கரெல் சாப்பெக் எழுதிய ‘ஆர். யூ. ஆர்.’ 1920ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து, 1921 ஜனவரி 25ஆம் திகதி பிராக் நகரத்துத் தேசிய அரங்கில் மேடையேறியது. அடுத்த ஆண்டு நியூயோர்க்கிலும், 1923இல் லண்டனிலும் அது ஆடப்பட்டது. ‘றொசமின் உலகப்பொது றோபோக்கள்’ என்பது தலைப்பின் விரிவு, கொம்பனியொன்றின் பெயர். றொசம் என்னும் பெயரிலே பகுத்தறிவைக் குறிக்கும் செக் சொல்லொன்றின் ஒலி மறைந்து நிற்கின்றது. தாம் படைத்த செயற்கைத் தொழிலாளருக்குப் பெயரிடத் தடுமாறிய வரலாற்றைச் சாப்பெக் 1933இல் எழுதினார். உழைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லபோரி’ என்றொரு பெயரை முதலில் எண்ணினாராம்; அது ஏட்டு வாசனை வீசுவதாகப்பட்டது. தமையனும் ஓவியருமான யோசெப்பிடம் சென்று கேட்டார். தூரிகையை வாயிற் கவ்வியவாறே யோசெப் ‘றோபோ’ என்னும் பெயரை முணுமுணுத்தார்.

றோபோத்தா என்பது பண்ணையடிமை தன் பிரபுவின் நிலத்திலே ஊதியமின்றிச் செய்யக் கடமைப்பட்ட வேலை. ஹப்ஸ்பேர்க் பேரரசில் அது 1848இல் ஒழிக்கப்பட்டது. சாப்பெக்கின் தலைமுறைக்கு அது பாட்டன்மார் காலத்து நினைவு. எமக்கும் இச்சொல்லின் பொருள் அந்நியமன்று. இந்நாட்டில் இராசகாரியம் என்றும், ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளிலே ஊழியம் என்றும் வழங்கியது இத்தகைய கட்டாய வேலையே. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து 1832இல் இராசகாரியம் நீக்கப்பட்டது. கட்டாய உழைப்பு நீங்கியபின் மலிவான கூலி உழைப்பு யாரிடமிருந்து பெறப்பட்டது, அவர்கள் எங்கிருந்து கொண்டுவரப்பட்டனர் என்பன வாசகர் அறிந்த வரலாறு. ‘றோபோ’ என்பதைத் தமிழில் ‘யந்திர மனிதன்’ என்று வழங்கிவருகிறோம். ‘ஊழியன்’ என்று வழங்கியிருப்போமாயின் நாடகத்தின் பாதிப் பொருள் தலைப்பிலேயே விளங்கியிருக்கும். ஏனெனில் சாப்பெக்கின் றோபோ இரும்பாலும் பற்சில்லுகளாலும் ஆனதன்று. பெருந்தொட்டிகளிலே ஈரலும் மூளையும் பிசையப்படுகின்றன; நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஆலையில் நூற்கப்படுகின்றன. தோற்றத்தில் மனிதரிலிருந்து வேறுபடுத்த முடியாத, தசையாலான ஊழியரே அவர்கள்.

கதை ஒரு தீவிலே தொடங்குகின்றது. கிழவரான றொசம் ஒரு விஞ்ஞானி; உயிர்ப்பொருளை ஒத்த ஒரு பொருளைக் கண்டுபிடித்து, மனிதனை உறுப்புக்கு உறுப்பாக அப்படியே ஆக்க முனைந்தவர். கடவுள் வேண்டியதில்லை என்று காட்டுவதே அவரது வெறி. ஆண்டுகள் பல கழித்தும் அவர் ஆக்கியது சில நாட்களே வாழ்ந்த அரைகுறைப் பிறவி. அவர் வழிவந்த இளைய றொசமோ பொறியியலாளர். அவருக்குக் கடவுளைப் பற்றிய கவலையே இல்லை. மனித உடலை ஒரு பொறியியலாளன் நோக்கும் வகையில் நோக்கி, இது மிகச் சிக்கலாக இருக்கின்றது, இதனைச் சுருக்கலாம் என்று தீர்மானிக்கின்றார். நெசவுக்கும் கணக்கெழுதுவதற்கும் மகிழ்ச்சி எதற்கு? வயலின் வாசிக்கும் ஆசை எதற்கு? சிறந்த தொழிலாளி நேர்மையானவனோ உழைப்பில் ஆர்வமுள்ளவனோ அல்லன். மலிவானவனே சிறந்தவன், அதாவது தேவைகள் மிகக் குறைந்தவன். வேலைக்கு நேரே உதவாத அனைத்தையும் கழித்துவிடுகின்றார், எஞ்சியது றோபோ.

இவ்விடத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். மனிதனைப்போல் யந்திரம் ஆவது இங்கு இரண்டாவது நிகழ்ச்சியே. அதற்கு முன்னர், மனிதன் என்பவன் தேவைகளைக் கழித்த ஒரு வேலைத்திறன் என்று வரையறுக்கப்படுகின்றான். இவ்வரையறை சாப்பெக்கின் கற்பனையன்று. றேய்லர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் மணிக்கூட்டால் அளந்து எழுதிய ‘விஞ்ஞான நிருவாகத்தின் தத்துவங்கள்’ 1911இல் வெளிவந்தது. ஃபோர்டின் தொழிற்சாலையில் நகரும் பொருத்துநிரை 1913இல் ஓடத் தொடங்கிற்று. அதனையடுத்து வந்த நான்காண்டு யுத்தம் இலட்சக்கணக்கானோரை இலக்கமிட்ட பண்டங்களாக்கிப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பிற்று. புறநகரிலிருந்து பிராக்குக்கு ட்ராம் வண்டியிலே சென்றபொழுது, நெருக்குண்டு நின்ற மக்கள் ஆடுகளைப்போலுமன்றி யந்திரங்களைப்போலத் தோன்றினர் என்றும், அதிலிருந்தே தமது எண்ணம் முளைத்தது என்றும் சாப்பெக் கூறியுள்ளார். றோபோவை அவர் ஆய்வுகூடத்திலே காணவில்லை. வேலைக்குச் செல்லும் வண்டியிலேதான் கண்டார்.

நாடகத்தின் முன்னுரைக் களத்திலே ஒரு சிறு பேச்சு வருகின்றது. பெரும்பாலான விமரிசகர்கள் அதனை நகைச்சுவையாகக் கொண்டு கடந்துவிடுகின்றனர். எமது கருத்தில் நாடகத்தின் உயிர்நாடி அதுவே. றோபோக்களுக்குச் சிலவேளைகளில் ஒருவித வலிப்பு வருவதுண்டு. வேலை செய்துகொண்டிருக்கும் றோபோ திடீரெனக் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு, பல்லை நெறுமிக்கொண்டு அசையாது நின்றுவிடும். கொம்பனியின் அதிகாரிகள் இதனை உற்பத்திக் குறைபாடு என்கின்றனர். அத்தகைய றோபோ நொறுக்கும் ஆலைக்கு அனுப்பப்படும். அதுதான் ஆன்மா என்று விருந்தாளியாக வந்த ஹெலெனா கூவுகின்றாள். ஆன்மா என்னும் சொல்லை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும், மறுப்பே மனிதத் தன்மையின் முதல் அடையாளம் என்பதை நாடகாசிரியர் எவ்வளவு நுட்பமாகக் காட்டிவிடுகின்றார்! அறிவுக் கூர்மையோ மொழித் திறனோ அன்று. றோபோக்களுக்கு நினைவாற்றல் அபாரம். கலைக்களஞ்சியத்தை ஒருமுறை கேட்டால் அப்படியே ஒப்புவிக்கும். அதனால் எவரும் அவற்றை மனிதர் என்று கருதுவதில்லை. பல்லை நெறுமி வேலையை நிறுத்தும்பொழுதுதான் ஐயம் எழுகின்றது.

மற்றொரு பேச்சு வலியைப் பற்றியது. றோபோக்கள் வலியுணராமையால் கையை யந்திரத்துட் கொடுத்து விரலை முறித்துக்கொள்கின்றன, கொம்பனிக்கு நட்டம். எனவே உடலியற் பகுதித் தலைவரான டாக்டர் கோல், வலி நரம்புகளைச் சேர்க்கும் ஆராய்ச்சியில் ஈடுபடுகின்றார். மகிழ்ச்சியை விலக்கி வலியை மட்டும் கொடுக்கின்றார்கள்! வலி சொத்தைக் காக்கும்; மகிழ்ச்சி யாரைக் காக்கும்? மனித இயல்புகளுள் எது யந்திரத்துக்குக் கொடுக்கப்படும் என்பதனை உடைமையாளனின் கணக்கேடே தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் வேண்டுமா? இன்று சந்தைக்கு வரும் மனிதவுருப் பொறிகளுக்கு இனிய குரலும் பணிவான சொல்லும் புன்முறுவலும் கொடுக்கப்படுகின்றன. ‘இன்று முடியாது’ என்று சொல்லும் இயல்பை எவரும் விளம்பரப்படுத்துவதில்லை.

ஹெலெனா யார்? மனிதாபிமானச் சங்கம் ஒன்றின் சார்பாக, றோபோக்களை விடுதலை செய்ய வந்தவள். நல்லெண்ணம் படைத்தவள். ஆனால் வந்தவுடன் அவள் செய்யும் தவறுகளைப் பாருங்கள்: தட்டெழுதும் றோபோவை மனிதப் பெண் என எண்ணிக் கைகொடுக்கின்றாள், கொம்பனியின் இயக்குநர்களையோ றோபோக்கள் என எண்ணி, நீங்கள் எழுச்சிகொள்ள வேண்டும் என்று போதிக்கின்றாள். சாப்பெக்கின் நகைச்சுவை இங்கு இரு பக்கமும் வெட்டுகின்றது. உழைப்பவரோடு ஒருநாளும் பழகாத தர்மசிந்தையின் பேதைமை ஒருபுறம். இலாபம் ஒன்றையே எண்ணி எண்ணி, உண்மையிலேயே யந்திரமாகிவிட்ட முகாமையாளர்கள் மறுபுறம். விடுதலை செய்ய வந்தவள் இறுதியில் தலைமை நிருவாகியான டொமினையே மணந்து தீவிலே தங்கிவிடுகின்றாள். எமது சமூகத்தின் சில தர்மஸ்தாபனங்களின் வரலாறும் இவ்வாறே முடிவதுண்டு.

டொமின் கொடியவன் அல்லன். இதுவே அப்பாத்திரத்தின் சிறப்பு. றோபோக்கள் உணவையும் துணியையும் கொள்ளை கொள்ளையாக உற்பத்தி செய்யும், விலைகள் வீழ்ந்துவிடும், வறுமை ஒழியும், மனிதன் உழைப்பினின்றும் விடுபட்டுத் தன்னைப் பூரணப்படுத்திக்கொள்வான் என்று அவன் மெய்யாகவே நம்புகின்றான். இடைக்காலத்தில் வேலையிழந்தோர் என் செய்வர் என்ற கேள்விக்கு அவனிடம் தெளிவான பதில் இல்லை. இன்றைய தொழில்நுட்பச் செல்வர் மேடையேறிப் பேசும் பேச்சை டொமினின் பேச்சோடு அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எது எவருடையது என்று பிரித்தறிதல் கடினம். ஆனால் அதே டொமினின் வீட்டிலே நானா என்றொரு கிழவி இருக்கின்றாள். ஹெலெனாவுக்குத் துணையான பணிப்பெண். உழைப்பையே உலகிலிருந்து ஒழிக்கப்போகும் மனிதனின் வீட்டில், ஒருத்தியின் உழைப்பு மட்டும் ஒழியவில்லை! சாப்பெக் இதனை வேண்டுமென்றே அமைத்தாரா, தம் காலத்து வழக்கப்படி வீடென்றால் வேலைக்காரி இருப்பாள் என்று அமைத்தாரா என்பது எமக்கு முக்கியமன்று. எழுத்தாளன் கவனியாது எழுதிவிடும் இடங்களிலும் சமூக உண்மை தலைநீட்டுவதுண்டு.

பத்தாண்டுகள் கழிகின்றன. வேலையிழந்த தொழிலாளர் றோபோக்களை எதிர்த்து எழுகின்றனர். அவர்களை அடக்க றோபோக்களின் கையிலே ஆயுதம் கொடுக்கப்படுகின்றது. அரசாங்கங்கள் றோபோக்களைப் படைவீரராக்குகின்றன. பின்னர் லெ ஹாவ்ர் துறைமுகத்திலே றோபோக்களின் முதற் சங்கம் தோன்றுகின்றது. இச்செய்தி கேட்ட டொமினின் மாற்றுத் திட்டம் யாது? இனி உலகப்பொது றோபோ வேண்டாம். ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனித் தொழிற்சாலை அமைத்து, வெவ்வேறு நிறமும் வெவ்வேறு மொழியும் கொண்ட தேசிய றோபோக்களை ஆக்குவோம். ஒன்றை ஒன்று காலமெல்லாம் வெறுக்கப் பழக்கிவிட்டால் அவை ஒருபோதும் ஒன்றுசேரா என்பது. இப்பகுதிக்கு இலங்கை வாசகனுக்கு உரை தேவையில்லை.

நாடகத்தைப் படித்தோர் இரு வகையாகத் தவறிழைத்துள்ளனர். ஒரு சாரார் அதனை விஞ்ஞானத்துக்கு எதிரான எச்சரிக்கையாக்கினர். மனிதன் கடவுளின் தொழிலிலே தலையிட்டான், தண்டனை பெற்றான் என்பது அவர்கள் கொள்ளும் பொருள். நாடகத்திலே இக்கருத்தைச் சொல்பவள் நானா ஒருத்தியே; அவள் கருத்தை நாடகாசிரியரின் கருத்தாகக் கொள்வது திறனாய்வின் பாலபாடம் அறியாமை. மறு சாரார் எம்மவர். யந்திரங்கண்டு அஞ்சும் சிறுமுதலாளித்துவ நம்பிக்கை வறட்சி என்று முத்திரை குத்தி நாடகத்தை ஒதுக்கினர். தொழிலாளர் தமது தாக்குதலை யந்திரத்தின்மீது செலுத்தாது, யந்திரம் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பதன்மீது செலுத்தக் கற்பதற்குக் காலமும் அனுபவமும் வேண்டியிருந்தன என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதலாம் பாகத்தில் (1867) காட்டினார். அவ்வேறுபாட்டைச் சாப்பெக் அறியாதவர் என்பது குற்றச்சாட்டு. ஆனால் மேலே காட்டிய வலி நரம்பும் வலிப்பும் தேசிய றோபோவும் எதனைக் காட்டுகின்றன? யந்திரத்தின் இயல்பையா, அதன் உடைமை உறவையா? தாம் தத்துவமாக வகுத்துக் கூறாததைக் கலைஞர் காட்சியாகக் கண்டுவிடுதல் இலக்கிய வரலாற்றிலே புதிதன்று. பல்ஸாக்கைப் பற்றி எங்கெல்ஸ் கூறியதை ஒப்புக்கொண்டவர்கள் சாப்பெக்குக்கு மட்டும் அவ்வளவுகோலை மறுப்பது ஏன்?

தமிழிலே இப்பொருள் எவ்வாறு கையாளப்பட்டது என்பதையும் பார்க்கலாம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் யந்திர நாய் பல்லாயிரம் வாசகரை மயக்கியது. 2010இல் வந்த ‘எந்திரன்’ திரைப்படம் இன்னும் பரந்த மக்களிடம் சென்றது. அதில் வரும் சிட்டி இராணுவத்துக்காக ஆக்கப்பட்டவன்; உணர்ச்சி இல்லாமையால் பரீட்சையிலே தோற்க, விஞ்ஞானி அவனுக்கு உணர்ச்சியூட்டுகின்றார். உணர்ச்சி வந்த சிட்டி உடனே என்ன செய்கின்றான்? தன்னை ஆக்கியவனின் காதலியை விரும்புகின்றான். கதை முக்கோணக் காதலாகிவிடுகின்றது. சண்டைக்கென ஆக்கப்பட்ட ஒருவன், தான் ஏன் சண்டையிட வேண்டும் என்று ஒருமுறையேனும் கேட்டிருந்தால் படம் வேறொரு படமாக இருந்திருக்கும். தொழில்நுட்பத்திலே திறமை மிக்க அப்படத்தில் உழைப்பு என்னும் பொருளே இல்லை. மனிதத்தன்மை என்றால் காதலும் பொறாமையுமே என்னும் வணிக சினிமாவின் எளிய சமன்பாட்டை யந்திரத்தின்மீதும் ஏற்றிவிட்டார்கள்.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். ‘யந்திரம் மனிதனைப்போல் சிந்திக்கின்றது’ என்று கூறப்பட்ட இடங்களிலே, யந்திரத்துக்குள் மனிதனே ஒளிந்திருந்த வரலாறு மிகப் பழையது. வியன்னாவின் அரசவையில் 1770ஆம் ஆண்டு கெம்பலென் என்பவர் சதுரங்கம் ஆடும் யந்திரம் ஒன்றை மரியா தெரேசா பேரரசிக்குக் காட்டினார். துருக்கிய உடையணிந்த பொம்மை, காய்களைத் தானே நகர்த்தி எதிரிகளை வென்றது. பெட்டிக்குள்ளே தேர்ந்த ஆட்டக்காரன் ஒருவன் மடங்கிக் கிடந்தான். அதே பேரரசி, பொஹேமியாவின் குடியானவர் கிளர்ந்தெழுந்ததை அடுத்து, 1775இல் றோபோத்தா வேலையை வாரத்துக்கு மூன்று நாட்களாக வரையறுக்கும் ஆணையைப் பிறப்பித்தாள் என்பதையும் உடன் நினைத்துப் பார்க்கலாம். அரண்மனையிலே தானே இயங்கும் பொம்மை. வயலிலே தானே இயங்க உரிமையற்ற மனிதன். வரலாறு சிலவேளை நாடகாசிரியரை விஞ்சிவிடுகின்றது.

அப்பொம்மையின் பெயரையே அமேசன் கொம்பனி 2005இல் ஆரம்பித்த சேவைக்கு இட்டது. யந்திரத்தால் செய்யவியலாத சிறுசிறு வேலைகளை உலகெங்கும் உள்ளவர்களிடம் சில்லறைக் காசுக்குப் பகிர்ந்தளிக்கும் சேவை அது. ‘செயற்கையான செயற்கை நுண்ணறிவு’ என்று கொம்பனியே அதனை விளம்பரம் செய்தது. வெட்கமின்மையிலும் ஒருவகை நேர்மை உண்டுபோலும். யந்திரங்களுக்குப் பார்வை கற்பித்த ‘இமேஜ்நெற்’ என்னும் படத்தொகுதி இச்சேவையின் மூலமே ஆக்கப்பட்டது. 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பேர், கோடிக்கும் அதிகமான படங்களைப் பார்த்து, இது நாய், இது நாற்காலி என்று பெயரிட்டனர். அறிவாளி யந்திரத்தின் கண் இவ்வாறு திறந்தது. அதன் நாவைத் தூய்மைப்படுத்தியவர்கள் வேறிடத்தில் இருந்தனர். ஓபன் ஏஐ கொம்பனியின் பேசும் யந்திரம் கொடுஞ்சொற்களைக் கக்காதிருக்கப் பழக்கும்பொருட்டு, கென்யாவிலுள்ள ஒப்பந்தத் தொழிலாளர் வன்செயலும் பாலியற் கொடுமையும் நிறைந்த பகுதிகளை நாள்தோறும் வாசித்து அடையாளமிட்டதையும், அவர்கள் கைக்குக் கிடைத்த ஊதியம் மணிக்கு 1.32 டொலருக்கும் 2 டொலருக்கும் இடைப்பட்டதாக இருந்ததையும் 2023 ஜனவரியில் ‘டைம்’ சஞ்சிகை வெளிப்படுத்தியது. அதே ஆண்டு மே முதலாம் நாள், நைரோபியிலே இத்தகைய தொழில் செய்வோர் 150க்கு மேற்பட்டோர் கூடித் தமக்கெனச் சங்கம் அமைக்கத் தீர்மானித்தனர். லெ ஹாவ்ர் துறைமுகத்துச் செய்தியை இங்கு நினைவுகூராதிருக்க முடியவில்லை.

மனிதவுருப் பொறிகளின் கதையும் வேறன்று. 2024 ஒக்ரோபரில் ரெஸ்லா கொம்பனி நடத்திய விழாவிலே, விருந்தினரோடு உரையாடி மதுவூற்றிக் கொடுத்த பொறிகளைத் தூரத்திலிருந்து மனிதர் இயக்கியமை பின்னர் வெளியாயிற்று. 2025 ஒக்ரோபரில் ஒன்எக்ஸ் கொம்பனி 20,000 டொலர் விலைகூறிய ‘நியோ’ என்னும் வீட்டுப் பொறியோ இதனை மறைக்கவே இல்லை: பொறி அறியாத வேலை வந்தால், கொம்பனியின் ஊழியர் ஒருவர் தொலைவிலிருந்தே அதன் கண்களால் பார்த்து, கைகளால் செய்து கொடுப்பார் என்பதே ஏற்பாடு. கெம்பலெனின் பெட்டி இப்பொழுது மிக நீளமாகிவிட்டது. ஆட்டக்காரன் இன்னொரு கட்டடத்தில், நாளை இன்னொரு கண்டத்தில் மடங்கிக் கிடக்கலாம். வேலைக்காரியின் கை வேண்டும். அவளுடைய பசியும் பிள்ளையும் வாக்குரிமையும் எல்லையைத் தாண்டி வரவேண்டாம் என்பது செல்வந்த நாடுகளின் நெடுநாள் விருப்பம். இளைய றொசமின் கழித்தற்கணக்கு இதிலும் மீதியின்றிப் போகின்றது.

சோபியா என்னும் பெண்ணுருப் பொறிக்கு 2017 ஒக்ரோபரில் சவூதி அரேபியா குடியுரிமை வழங்கியதாக அறிவித்த செய்தியும் உண்டு. அந்த நாளிலே அந்நாட்டில் கபாலா முறையின்கீழ், எசமானின் இசைவின்றி வேலைமாறவும் நாட்டைவிட்டு நீங்கவும் இயலாதிருந்த பணிப்பெண்களுள் எமது கிராமங்களிலிருந்து சென்றோரும் இருந்தனர். அவர்களில் எவருக்கும் எந்த மேடையிலும் எவரும் குடியுரிமை அறிவிக்கவில்லை. பொறிக்கு உரிமை வழங்குதல் எளிது. அது நாளைக்கு அவ்வுரிமையைப் பயன்படுத்த முனையாது.

இவ்வளவும் கூறுவதால் யந்திரம் சிந்திக்கவே முடியாது என்று நாம் வாதிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். சடப்பொருளின் உயர்ந்த ஒழுங்கமைப்பிலிருந்தே சிந்தனை தோன்றிற்று என்று ஏற்பவர், மூளை தவிர்ந்த வேறெந்த ஒழுங்கமைப்பிலும் அது தோன்றாது என்று சத்தியஞ்செய்ய இயலாது. அவ்வாறு சத்தியஞ்செய்வோர் ஆன்மாவைப் பின்வாசல் வழியாக அழைத்து வருகின்றனர். அலன் ரியூறிங் 1950இல் ‘மைண்ட்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையிலே, சிந்தனை என்றால் என்ன என்னும் தர்க்கத்தை ஒதுக்கிவிட்டு, உரையாடலில் மனிதனிடமிருந்து வேறுபடுத்தவியலாத யந்திரம் சாத்தியமா என்று கேட்டமை துணிவான செயலே. ஆனால் அப்பரீட்சையிலே உடல் திரைக்குப் பின்னால் மறைக்கப்படுகின்றது. தட்டெழுதிய சொற்கள் மட்டுமே வெளிவருகின்றன. மனித அறிவு என்பது சொல்லில் மட்டும் தங்குவதா?

குரங்கு மனிதனாகியதில் உழைப்பின் பங்கைப் பற்றி எங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையில், கையானது உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளும் ஆகும் என்னும் கருத்து வருகின்றது. இன்றைய பொறியியலாளர் இதனை வேறு வழியாகக் கண்டு திகைக்கின்றனர். 1997இல் யந்திரம் சதுரங்கத்தில் கஸ்பரோவை வென்றுவிட்டது. 2010இல் கலிபோர்ணியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திலே ஒரு பொறி துவாய் மடிக்கப் பழகியபொழுது, ஒரு துவாய்க்கு ஏறத்தாழ 25 நிமிடம் சென்றது. அதன்பின் வேகம் பன்மடங்கு கூடியுள்ளது என்பது உண்மையே. எனினும் துணியும் சேறும் குழந்தையும் நோயாளியும் இன்னமும் பொறியின் கைக்கு எளிதில் அடங்கவில்லை. ‘பயிற்சியற்ற தொழில்’ என்று சம்பளப் பட்டியல்கள் கீழ்வரிசையில் எழுதிய வேலைகளே யந்திரத்துக்கு மிகக் கடினமானவையாயின. கொழுந்து கிள்ளும் பெண்ணின் விரல் எந்த இலையை விட்டு எந்த இலையை எடுக்கின்றது என்பதில் எத்தனை ஆயிரம் ஆண்டுகளின் அறிவு உறைந்திருக்கின்றது என்பதைச் சம்பள நிர்ணயச் சபைகள் அறியா. ஆய்வுகூடங்கள் இப்பொழுதுதான் அறிகின்றன.

சாப்பெக்கும் இதனை ஓரளவு உணர்ந்திருந்தார். எழுச்சியிலே மனிதர் யாவரும் கொல்லப்பட, கட்டடப் பகுதித் தலைவரான அல்குவிஸ்ற் ஒருவரை மட்டும் றோபோக்கள் உயிரோடு விடுகின்றன. காரணம் எளியது: அவர் தம்மைப்போலவே கைகளால் வேலை செய்கின்றார். மனச்சோர்வு வரும்போதெல்லாம் சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்குவது அவர் வழக்கம். வர்த்தகப் பகுதித் தலைவரான புஸ்மனோ கடைசி நேரத்திலும் பணங்கொடுத்து உயிரை வாங்கிவிடலாம் என்று கணக்குகளோடு வெளியேறி மின்வேலியிலே மாய்கின்றார். இந்த இரு காட்சிகளும் உயர்ந்த நாடகக் கலை.

ஆயினும் மூன்றாம் அங்கத்தை எம்மால் முழுதும் ஏற்க இயலவில்லை. வெற்றிபெற்ற றோபோக்கள் புதிதாக எதனையும் ஆக்கவில்லை. எசமானர் செய்ததையே பெரிய அளவிலே செய்கின்றன. கொல்வதும் ஆள்வதுமே மனிதராதல் என்று அவை கற்றிருக்கின்றன. இது எசமானரைப் பற்றிய கடுமையான விமரிசனம், அதனை ஏற்கிறோம். ஆனால் அடிமைகள் எழும்பொழுது எசமானரைப் பிரதிசெய்வதைத் தவிர வேறு வழியே இல்லை என்று காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. எழுச்சியின் சிக்கலை இவ்வாறு முடிச்சிட்ட ஆசிரியர், அதனை அவிழ்க்க வழியின்றி, பிறீமஸ், ஹெலெனா என்னும் இரு றோபோக்களிடையே காதலை மலரச் செய்து, ஆதாமும் ஏவாளுமாக்கி அனுப்பிவிடுகின்றார். தொழிற்சாலையிலே தொடங்கிய நாடகம் ஏதேனிலே முடிகின்றது. சாப்பெக் தாம் ஏன் பொதுவுடைமைவாதி அல்லர் என்று 1924இல் கட்டுரையே எழுதியவர். தனிமனித இரக்கத்தில் நம்பிக்கையும் கூட்டு இயக்கத்தில் ஐயமும் கொண்டவர். அந்த ஐயத்தின் நிழல் மூன்றாம் அங்கத்திலே விழுந்திருக்கின்றது. எனினும் அவரது பிற்கால நூல்களை மறந்து தீர்ப்புக் கூறலாகாது. ‘சலமாந்தர்களோடு யுத்தம்’ (1936) என்னும் நாவலிலே மீண்டும் மலிவான உழைப்பும், அதனை வாங்கி விற்கும் கொம்பனிகளும், பாசிசமும் ஒன்றோடொன்று பின்னப்படுவதைக் காண்கிறோம். சாப்பெக் 1938 டிசெம்பரில் மறைந்தார். மூன்று மாதங்களுக்குள் நாசிப் படை பிராக்கினுள் நுழைந்தது. ‘றோபோ’ என்னும் சொல்லைத் தந்த யோசெப், பேர்கன்-பெல்சன் வதைமுகாமிலே 1945இல் மடிந்தார்.

இந்நாடகத்தைத் தமிழில் மேடையேற்ற விழையும் பல்கலைக்கழக நாடக மன்றங்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில உலகிலே நெடுங்காலம் வழங்கிய போல் செல்வரின் மொழிபெயர்ப்பைத் தழுவாதிருத்தல் நன்று. அது சுருக்கப்பட்ட பிரதி. டேமன் என்னும் றோபோத் தலைவனின் பாத்திரம் அதில் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. உயிராக்கும் இரகசியத்தை மீட்கத் தன் உடலையே அல்குவிஸ்றின் கத்திக்குக் கொடுத்து, அறுபடும்பொழுது வாழ விரும்புவதாக அலறுபவன் அவன். மூன்றாம் அங்கத்தின் பலவீனங்களுக்கிடையே எழுச்சியாளர் தரப்பிலிருந்து எழும் ஒரே மனிதக் குரல் அவனுடையதே. 1989இல் வெளிவந்த முழுமையான ஆங்கிலப் பெயர்ப்பில் அவன் இருக்கின்றான். நேரம் போதாதெனின் ஏதேன் காட்சியைச் சுருக்கலாம். டேமனையும் நானாவையும் விட்டுவிடக் கூடாது. றோபோக்களுக்குத் தகர உடை அணிவித்து விறைப்பாக நடக்கச் செய்யும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அவர்கள் அணிய வேண்டியது வேலைச்சட்டையும் மார்பில் ஓர் இலக்கமுமே.